‘ஸ்டாக் இல்லே, தம்பி!’

தெருமுனை மளிகைக் கடையில் இந்த அனுபவம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். வழக்கமாக வாங்குகிற சோப்பைக் கேட்கிறீர்கள். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘‘அது இப்ப வர்றதில்லே தம்பி... இதைக் கொண்டுபோங்க, நல்லாயிருக்கும்’’ என்று வேறொரு சோப்பை நீட்டுகிறார். நீங்களும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். சோப்பு கம்பெனி ஏஜென்டுக்கும் அண்ணாச்சிக்கும் கமிஷன் தகராறு என்பதோ, உள்ளே குடோனில் அதே சோப்பு ரெண்டு பெட்டி தூங்குகிறது என்பதோ உங்களுக்குத் தெரியாது. தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. குளிக்க ஒரு சோப்பு வேண்டும், அவ்வளவுதானே!

புத்தகத்தில் இந்த சமாசாரம் எடுபடாது. ஒரு சோப்புக்கு இன்னொரு சோப்பு ஈடாகும். ஆனால், ஒரு துப்பறியும் நாவலின் அடுத்த பாகத்துக்காக ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருப்பவரிடம், ‘‘அது இல்லே, இதைப் படிங்க’’ என்று வேறு எதையோ நீட்டினால் அடிக்க வருவார்.

அப்படியும் நீட்டினார்கள். நீட்டியது சாதாரணப் பெட்டிக்கடை இல்லை. அமெரிக்காவின் அமேஸான்!

2014 மே மாதம். ஹாஷெட் என்ற பெரிய பதிப்பகத்தின் புத்தகங்களை அமேஸானில் தேடியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள. நேற்றுவரை ரெண்டே நாளில் வீடு தேடி வந்த புத்தகங்களுக்கு, ‘அனுப்ப மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும்’ என்று போட்டிருந்தது. கப்பலில் வருகிறதோ, கழுதைமேல் வருகிறதோ! தள்ளுபடி சுருங்கிவிட்டது. சில புத்தகங்களின் பக்கத்தில் உச்சியிலேயே ஒரு பட்டை: இதே மாதிரி, விலை குறைவான வேறு புத்தகங்கள் இதோ! (அண்ணாச்சியேதான்.) வெளிவரப்போகிற புத்தகங்களுக்கு முன்பதிவு செய்கிற பட்டனே காணோம்.

அந்தப் பட்டனை லேசாக நினைக்கக்கூடாது. முன்பதிவுகள் எல்லாம் முதல் வார விற்பனைக் கணக்கில் சேரும். முதல் வாரம் எகிறினால்தான் பெஸ்ட்செல்லர் பட்டியல். பட்டியலில் வந்தால்தான் மற்ற கடைகள் முன்வரிசையில் அடுக்கும். பட்டனைப் பிடுங்குவது என்பது, பிள்ளை பிறக்கிற முன்பே ஜாதகத்தைக் கிழித்துப் போடுகிற மாதிரி.

‘ஹாரி பாட்டர்’ ரௌலிங், ராபர்ட் கால்பிரெய்த் என்ற ஆண் பெயரில் துப்பறியும் நாவல் எழுதுகிறார் இல்லையா... அந்த வரிசையில் ‘தி ஸில்க்வொர்ம்’ அந்த ஜூன் மாதம் வர இருந்தது. அமெரிக்காவில் அதை வெளியிடுவது ஹாஷெட் குடும்பத்துப் பதிப்பகம். ஆகவே அதற்கும் முன்பதிவு கிடையாது. உலகத்திலேயே பணக்கார எழுத்தாளருக்கே இந்த கதி என்றால், முதல் நாவல் எழுதிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆசாமியை நினைத்துப் பாருங்கள்.

கடைக்காரரே ஒரு யோசனையும் சொன்னார். மே 27 அன்று அமேஸான் வெளியிட்ட அறிக்கையின் சாராம்சம்: ஹாஷெட்டோடு பேச்சுவார்த்தை சரிவரவில்லை. புத்தகம் அவசரமாக வேண்டுமானால் எங்கள் தளத்திலேயே இருக்கும் வேறு வியாபாரிகளிடம் வாங்குங்கள். இல்லையென்றால் எங்கள் போட்டிக் கடைகளுக்குப் போங்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்!

எதிர்க் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிற கடைக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், போகிறவர்கள் ரொம்பப் பேர் இருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலிருந்துதான்.

* * *

இந்த லடாய் திடீரென்று முளைத்ததில்லை. ஏழு வருஷத்துப் பகை.

2007 நவம்பரில் அமேஸான் கிண்டிலை இறக்கியது. சிலேட்டு மாதிரி ஒரு கருவி, விலை 399 டாலர். அன்றைக்கே ஜெஃப் பெஸோஸ் மேடையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். புதுப் புத்தகமோ, பெஸ்ட்செல்லரோ, கிண்டிலில் 9 டாலர் 99 சென்ட்! பதிப்பாளர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கெட்டி அட்டைப் புத்தகம் 26 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஏற்பாட்டின்படி மின்புத்தகத்துக்கும் ஏறக்குறைய அதில் பாதி, அதாவது 13 டாலர், பதிப்பாளருக்குப் போய்ச் சேரும். அமேஸான் அதை 9.99-க்கு விற்றால் பிரதிக்கு 3 டாலர் கையைக் கடிக்கும்.

இதைச் சொன்னபோது எதிர் சீட் நண்பர் ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: ‘‘பதிப்பாளருக்குப் பதிமூணு வந்துடுது. நஷ்டம் அமேஸானுக்கு. படிக்கிறவனுக்கு லாபம். இதிலே யார் ஸார் அழறது?’’

நியாயமான கேள்வி. ஆனால் அழுதது பதிமூன்று டாலர் வாங்கிக்கொண்ட ஆசாமிதான்! அவர் பயம் வேறு. ஜனங்கள் பத்து டாலருக்குப் பழகிவிட்டால் 26 டாலர் புத்தகத்தைக் கடையில் பார்க்கும்போது பகல் கொள்ளை என்று தோன்றும். அதோடு, எல்லாரும் கிண்டிலுக்கு வந்து சேர்ந்த பிறகு பெஸோஸ் சாவகாசமாகத் திரும்பி, ‘இனிமேல் 13 கட்டுப்படியாகாது, 7-க்குக் கொடு’ என்பார். அப்போது போக வேறு கடை இருக்காது. நாளைக்கு வரப்போகிற தலைவலிக்கு இன்றைக்கே தைலம் தேடினார்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பேன். மீதிப் பாதி, விலை ஏற்றவேண்டும் என்கிற பழைய ஆசைதான்.

தைலத்தை விற்க வந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ்.

2010 ஜனவரி 27. ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் ஐபேடை அறிமுகப்படுத்தினார். அதில் படிக்கப் புத்தகம் வேண்டுமே! பதிப்பாளர்களோடு ஏற்கெனவே ஏற்பாடு ஆகிவிட்டிருந்தது. விலையை நீங்களே வையுங்கள். விற்பதில் 30 சதவிகிதம் எனக்கு, 70 உங்களுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை, வேறு எந்தக் கடையிலும் என் கடையைவிட மலிவாக விற்கக் கூடாது. விற்றால் எனக்கும் அதே விலை! இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம். அமேஸானில் 9.99 தொடர்ந்தால் ஆப்பிளிலும் 9.99 ஆக்கி, அதில் 70 சதவிகிதத்தோடு பதிப்பாளர் நிற்கவேண்டும். ஆகவே அமேஸானையும் இந்த ஏற்பாட்டுக்குள் இழுத்தே ஆகவேண்டும்.

மறுநாளே மாக்மில்லன் பதிப்பகத்தின் தலைவர் ஜான் ஸார்ஜென்ட் விமானம் ஏறி ஸியாட்டிலுக்குப் போனார். அமேஸான்காரர்களிடம் சொன்னார்: புதுப் புத்தகம் இனிமேல் 12.99-லிருந்து 14.99 வரை, விலை வைப்பது நாங்கள். பேச்சு முறிந்தது. அவர் வீடு திரும்புவதற்குள் அமேஸானில் மாக்மில்லன் புத்தகங்களின் ‘வாங்கு’ பட்டன்கள் மறைந்துவிட்டன. மின்புத்தகம் மட்டுமில்லை, அச்சுப் புத்தகமும்! முந்தின வருஷம் புக்கர் பரிசு வாங்கிய ஹிலரி மான்டெலின் ‘வுல்ஃப் ஹால்’, டாக்டர் அதுல் கவாண்டேயின் ‘தி செக்லிஸ்ட் மானிஃபெஸ்டோ’ எல்லாம் இந்த லிஸ்டில்.

புத்தகத்தின் பக்கம் இருந்தது. அட்டைப்படம் இருந்தது. படித்தவர்கள் எழுதின விமரிசனங்கள் இருந்தன. பட்டன் மட்டும் இல்லை. வேறு வியாபாரிகள் வைத்திருந்தால் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். கல்யாண மண்டபம், மேளம், பந்தி எல்லாம் ரெடி, மாப்பிள்ளையை மட்டும் காணோம் என்கிற மாதிரி!

ஞாயிற்றுக்கிழமை அமேஸான் வெள்ளைக்கொடி காட்டியது. காட்டும்போதே ஒரு குத்தும் விட்டது. மாக்மில்லனுக்குத் தன் சொந்தப் புத்தகங்கள்மேல் ஏகபோகம் இருக்கிறதாம். அதனால் வேறு வழியில்லாமல் பணிகிறார்களாம். எனக்குக்கூட என் சட்டைகள்மேல் ஏகபோகம் உண்டு, ஊரிலிருந்து தம்பி வராத நாட்களில். பட்டன்கள் திரும்பி வர அதற்குப் பிறகும் சில நாள் ஆயிற்று.

இப்போது பழைய கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அதே 26 டாலர் புத்தகம், மின்புத்தகமாக 12.99. இதில் 70 சதவிகிதம் பதிப்பாளருக்கு, அதாவது 9 டாலர் 9 சென்ட். முன்பு வாங்கியது 13! ஜெயித்தவருக்குப் பிரதிக்கு நாலு டாலர் குறைந்துவிட்டது. தோற்ற அமேஸானுக்கோ, மூன்று டாலர் நஷ்டம் போய் 3 டாலர் 90 சென்ட் லாபம்! படிக்கிறவர் 3 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். தோற்றவனுக்குப் பரிசு, ஜெயித்தவனுக்கு அபராதம், வேடிக்கை பார்த்தவனுக்கு டிக்கெட் சார்ஜ். இப்படி ஒரு குஸ்தி எங்கேயாவது உண்டா?

2012 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அரசாங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆப்பிள்மீதும் ஐந்து பதிப்பகங்கள்மீதும் வழக்கு: ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், ஸைமன் அண்ட் ஷூஸ்டர், பென்குயின், மாக்மில்லன். குற்றச்சாட்டு, கூடிப் பேசி விலையை ஏற்றினார்கள் என்பது. போட்டி போடவேண்டிய பதிப்பகத் தலைவர்கள் நியூயார்க் ஓட்டல்களின் தனியறைகளில் சேர்ந்து சாப்பிட்ட கதை எல்லாம் குற்றப்பத்திரிகையில் வந்தது. மூன்று பேர் அன்றைக்கே சமாதானம். மற்ற ரெண்டு பேர் அடுத்த சில மாதங்களில். ஆப்பிள் மட்டும் முண்டாவைத் தட்டிக்கொண்டு நின்று, 2013 ஜூலையில் நீதிபதி டெனிஸ் கோட் முன்னால் தோற்றது. மேல்முறையீட்டிலும் தோற்றது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையால் தொடவே மறுத்துவிட்டது.

சமாதானத்துக்கு வந்த பதிப்பகங்களுக்கு ஒரு நிபந்தனை: கொஞ்ச காலத்துக்குக் கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பதைத் தடுக்கக்கூடாது. அந்தக் கெடு முடிந்ததும் ஒவ்வொருவரும் அமேஸானோடு புதிதாக ஒப்பந்தம் போட்டாகவேண்டும். வரிசையில் முதலில் நின்றது ஹாஷெட். அப்படித்தான் 2014-ல் ‘ஸில்க்வொர்ம்’ பட்டன் காணாமல் போயிற்று.

* * *

பட்டன் யுத்தத்தில் ரசமான பகுதி, ரெண்டு தரப்புமே வாசகனின் பெயரில்தான் சண்டை போட்டார்கள் என்பது. வாசகனை யாரும் கேட்கவில்லை.

அமேஸான் ஒரு கணக்கை நீட்டியது. 14.99 விலையில் ஒரு லட்சம் பிரதி விற்கிற மின்புத்தகம், 9.99 ஆக்கினால் 1,74,000 விற்கும். மொத்த வசூல் 14,99,000 டாலரிலிருந்து 17,38,000 டாலராக ஏறும். வாசகனுக்கு மலிவு, எழுத்தாளருக்கு அதிகம், எல்லோருக்கும் க்ஷேமம். அப்புறம் ஏன் ஹாஷெட் முரண்டு பிடிக்கிறது?

எழுத்தாளர்கள் வேறு பாட்டு பாடினார்கள். டக்ளஸ் ப்ரெஸ்டன் என்ற த்ரில்லர் எழுத்தாளர் கிளம்பி, ஸ்டீஃபன் கிங், ஜான் க்ரிஷாம் உட்பட 900-க்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் 10 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ரெண்டு பக்க விளம்பரம் போட்டார். செலவு 1,04,000 டாலர்! உங்கள் சண்டையில் எங்கள் புத்தகத்தைப் பணயமாகப் பிடிக்காதீர்கள் என்று சாரம். இன்னொரு பக்கம், தங்கள் புத்தகத்தைத் தாங்களே கிண்டிலில் போட்டுச் சம்பாதிக்கிற எழுத்தாளர்கள், ஹ்யூ ஹோவி போன்றவர்கள், அமேஸானுக்காக மனு போட்டார்கள். பெரிய பதிப்பகங்களின் வாசலில் பல வருஷம் காத்திருந்து திரும்பியவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

விளம்பரம் வருவதற்கு முன்பே அமேஸான் முந்திக்கொண்டு வாசகர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. ஹாஷெட் தலைவரின் ஈமெயில் விலாசத்தைக் கொடுத்து, ‘அவருக்கு எழுதுங்கள்’ என்று தூண்டியதோடு, ஜார்ஜ் ஆர்வெல்லையும் சாட்சிக்கு இழுத்தது. முப்பதுகளில் மலிவுப் பதிப்புகள் வந்தபோது, பதிப்பாளர்கள் கூட்டு சேர்ந்து அவற்றை ஒழிக்கவேண்டும் என்று ஆர்வெல்லே சொன்னார், பெரியவர்களும் தப்பு செய்வார்கள் பாருங்கள், என்கிற பாணியில்.

பாவம் ஆர்வெல்! (நம்ம பிஹாரில் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர், அந்த பாத்தியதையில் ஒரு ‘பாவம்’ சொல்லலாம்.) அவர் 1936-ல் எழுதியது கிண்டல். ஆறு பென்ஸ் பென்குயின் புத்தகங்களை ஒரு வாசகனாகக் கைதட்டி வரவேற்கிறேன், எழுத்தாளனாகச் சபிக்கிறேன் என்பதுதான் அவர் நிலை. அதற்கு அவர் போட்டிருக்கிற கணக்கு, அமேஸான் கணக்குக்கு நேர் எதிர். உங்களிடம் 5 ஷில்லிங் இருக்கிறது. புத்தகம் இரண்டரை ஷில்லிங் என்றால் ரெண்டு வாங்கிப் பையைக் காலி செய்வீர்கள். அதே புத்தகம் அரை ஷில்லிங் ஆனால் பத்து வாங்குவீர்களா? மாட்டீர்கள். மூன்று வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு சினிமாவுக்குப் போவீர்கள்!

எனக்கு ரெண்டு கணக்கும் சரியாகத்தான் படுகிறது. ஒரு தனிப் புத்தகம் மலிவானால் அது கூடுதலாக விற்கும். எல்லாப் புத்தகமும் மலிவானால் மிச்சம் சினிமாவுக்குத்தான் போகும். மாசக் கடைசியில் நீங்களே பர்ஸைத் திறந்து பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஆர்வெல்லுக்கும் அமேஸானுக்கும் ஒரு பழைய பாக்கியும் உண்டு. 2009 ஜூலையில், காசு கொடுத்து வாங்கின ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நாவல்களின் ஒரு பதிப்பு, அமெரிக்கர்கள் சிலரின் கிண்டிலிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மாயமாகிவிட்டது. அதைக் கடையில் வைத்தவரிடம் உரிமை இல்லையாம்; உரிமைக்காரர்கள் கேட்டதும் அமேஸான் ஸியாட்டிலில் உட்கார்ந்தபடியே அழித்துவிட்டது. காசு திரும்பி வந்தது. ஆனால் படித்து, பள்ளிக்கூட வீட்டுப்பாடத்துக்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்த ஒரு மாணவனின் குறிப்புகள் அம்போ! அரசாங்கம் காகிதங்களை எரித்து, நடந்ததை நடக்காததாக்குகிற கதைதான் ‘1984’. அதைப் போய் அழித்தார்கள். பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அப்புறம், புத்தகம் திரும்பி வேண்டுமா, 30 டாலர் வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

கவனியுங்கள், இதிலும் தகராறு விற்றவருக்கும் உரிமைக்காரருக்கும்தான். வாங்கினவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

* * *

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வால்மார்ட் ஹாஷெட் புத்தகங்களுக்குத் தள்ளுபடி போட்டுக் கல்லாவைத் திறந்துவைத்தது. டி.வி. காமெடியன் ஸ்டீஃபன் கோல்பேர் இன்னும் ஒருபடி மேலே. அவர் புத்தகங்களும் ஹாஷெட்தான். ஜூன் மாதம் தன் நிகழ்ச்சியில் அமேஸானைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார் (எந்த விரல் என்று குடும்பப் பத்திரிகையில் சொல்வதற்கில்லை). ஈடன் லெபுக்கி என்ற புது எழுத்தாளரின் முதல் நாவல் ‘கலிஃபோர்னியா’வைக் காட்டி, இதைப் போர்ட்லண்ட் ஊரிலுள்ள பவல்ஸ் புத்தகக்கடையில் முன்பதிவு செய்யுங்கள் என்றார். அமேஸானில் முன்பதிவு கிடையாத அந்த நாவல், வந்த வேகத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பட்டியலில் 3-வது இடத்தில் உட்கார்ந்தது.

அந்த அம்மணிக்கு அடித்தது யோகம். ஆனால் அந்த வருஷம் ஹாஷெட்டில் முதல் நாவல் போட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொரு கோல்பேர் கிடைக்கவில்லை. அவர்கள் புத்தகங்கள் மூன்று முதல் ஐந்து வாரத்தில் அமைதியாக வந்து அமைதியாகப் போயின. அதைத் தேடி வந்து, ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ என்று ஜன்னலை மூடிய வாசகருக்கு, தான் எதை இழந்தோம் என்பதே தெரியாது. விலை ஏறினால் பர்ஸ் சொல்லிவிடும். கிடைக்காமல் போன புத்தகத்தைப் பற்றி யார் சொல்வது? என்னைக் கேட்டால் இந்தச் சண்டைகளில் வாசகனுக்கு விழுகிற பெரிய அடி 3 டாலர் இல்லை, இதுதான்.

கம்ப்யூட்டர் திரையில் ‘இல்லை’ என்று வருகிறதே, அது மூணு வகை. அச்சில் இல்லை, கிடங்கில் இல்லை, கொடுக்க மனசில்லை. மூணுக்கும் வாசகம் ஒன்றுதான். மூணாவது வகையைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. அதே புத்தகத்தை இன்னொரு கடையில் தேடிப் பாருங்கள். அங்கே நாளைக்கே கிடைக்கும் என்றால், இங்கே பிரச்னை புத்தகத்தில் இல்லை.

நண்பர் விடவில்லை. ‘‘இதுக்கெல்லாம் ஒரு சட்டம் போடக்கூடாதா ஸார்? எல்லாக் கடையிலேயும் ஒரே விலைன்னு?’’

போட்டிருக்கிறார்களே! ஹாஷெட்டுக்குத் தாய்வீடே அந்த தேசம்தான்: ஃபிரான்ஸ். அங்கே 1981-லிருந்து புத்தக விலையைப் பதிப்பாளர் வைத்தால் வைத்ததுதான். கடைக்காரர் 5 சதவிகிதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. அமேஸான் அந்த 5 சதவிகிதத்தையும் கொடுத்து, தபால் செலவையும் இலவசமாக்கியது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்: தபாலில் அனுப்பும் புத்தகத்துக்குத் தள்ளுபடி கூடாது, இலவச டெலிவரியும் கூடாது. அமேஸான் என்ன செய்தது? டெலிவரி சார்ஜ் ஒரு சென்ட் என்று போட்டது. ஒரு யூரோவில் நூறில் ஒரு பங்கு! இலவசம் இல்லையே, சார்ஜ்தானே! அந்த ஒரு சென்ட்டை எழுப்பி 35 யூரோவுக்குக் கீழே வாங்கினால் குறைந்தது 3 யூரோ என்று ஆக்க அரசாங்கத்துக்கு 2023 அக்டோபர் வரை ஆயிற்று. அங்கே மூலைக்கு மூலை புத்தகக்கடை பிழைத்திருக்கிறது, மலிவாகக் கிடைக்காது. எது தேவலை என்பது நீங்கள் வாசகரா, புத்தகக்கடை வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவில் 2014 நவம்பர் 13 அன்று அமேஸானும் ஹாஷெட்டும் கைகுலுக்கின. மின்புத்தக விலையை வைப்பது ஹாஷெட் என்று முடிவாயிற்று. ஆறு மாதம் உருண்டு புரண்டு சண்டை போட்டு, ஏறக்குறைய 2010-ல் நின்ற இடத்திலேயே போய் நின்றார்கள். மற்ற பெரிய பதிப்பகங்களும் அதே வழி. அதன் பலன், அச்சுப் புத்தகத்துக்குக் கடைக்காரர் தள்ளுபடி கொடுக்கலாம், மின்புத்தகத்தைத் தொட முடியாது. ஆகவே சில சமயம் மரத்தை வெட்டி, கூழாக்கி, அச்சடித்து, பைண்டு பண்ணி, லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து போடுகிற புத்தகம், ஒரு மண்ணும் செலவில்லாமல் காற்றில் வருகிற புத்தகத்தைவிட மலிவு! பக்கத்தில் பொடி எழுத்தில் ‘விலை வைத்தவர் பதிப்பாளர்’ என்று அமேஸான் போட்டுவிடும். திட்டுவதானால் அவரைத் திட்டுங்கள் என்று அர்த்தம்.

அந்த விலைக்கூட்டு வழக்கில் வாசகனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் பாவம். கிடைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் 2012 மே 21 வரை அந்த ஐந்து பதிப்பகங்களின் மின்புத்தகம் வாங்கின அமெரிக்கர்களுக்கு, 2014 மார்ச்சில் பதிப்பாளர்கள் கட்டின பணத்திலிருந்து பெஸ்ட்செல்லர் ஒன்றுக்கு 3 டாலர் 17 சென்ட். மற்றவைக்கு 73 சென்ட். ஆப்பிள் கட்டின 40 கோடி டாலரிலிருந்து 2016 ஜூனில் மறுபடியும்: பெஸ்ட்செல்லருக்கு 6 டாலர் 93 சென்ட், மற்றவைக்கு 1 டாலர் 57 சென்ட். தொகை எல்லா மாநிலத்திலும் ஒன்றாக இல்லை. 3 டாலர் கூடுதலாகக் கொடுத்தவருக்கு 10 டாலர் 10 சென்ட் திரும்பி வந்தது. மூணு மடங்கு! கோர்ட் படி ஏறாமல், வக்கீல் முகம் பார்க்காமல், ஒருநாள் காலையில் ஈமெயில் வந்து நின்றது.

ஆனால் பெரும்பாலோருக்கு நோட்டாக வரவில்லை. எந்தக் கடையில் வாங்கினீர்களோ அந்தக் கடைக் கணக்கிலேயே வரவு. கிண்டில்காரர்களுக்கு அமேஸானில். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள் என்பார்களே, இங்கே பதிப்பாளர்களும் ஆப்பிளும் தேங்காய் கொண்டுவந்து பெஸோஸ் வாசலில் உடைத்தார்கள். பொறுக்கித் தின்ன வாசகர் அந்த வாசலுக்குத்தான் போகவேண்டும். அதற்கும் கெடு உண்டு. ரெண்டாம் தவணை வரவை 2017 ஜூன் 24-க்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி.